‘உங்கள் ரீஃபண்ட் தயார்’ என்று மெயில் வந்தால்

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பருவம் தொடங்கியதும் மெயில் பெட்டியில் இரண்டு வகைக் கடிதங்கள் சேர்ந்து வரும். ஒன்று வருமான வரித்துறை அனுப்புவது, இன்னொன்று அதன் பெயரில் யாரோ அனுப்புவது. சம்பளத்தில் டிடிஎஸ், அதாவது கைக்கு வரும் முன்பே வரி, பிடித்தம் போனவர்கள், ஃபிக்சட் டெபாசிட் வட்டியில் பிடித்தம் போன ஓய்வூதியர்கள், கமிஷன் வருமானத்தில் பிடித்தம் போனவர்கள் எல்லாரும் கூடுதலாகப் போன வரி ரீஃபண்டாக எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்கும் மாதங்கள் இவை. மோசடி செய்பவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே மெயிலை எண்ணற்ற முகவரிகளுக்கு அனுப்புகிறார். அதைப் பெறுபவர்களில் சிலராவது அந்த வாரம் உண்மையாகவே ரீஃபண்டை எதிர்பார்த்துக் கொண்டிருப்பார்கள். அவர்கள் போதும் அவருக்கு.

எழுத்துப்பிழை இருக்கிறதா, சின்னம் மங்கலாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் அறிவுரை இப்போது பலிப்பதில்லை. இன்றைய போலி மெயிலில் அரசுச் சின்னம் துல்லியமாக இருக்கிறது, ஆங்கிலம் பிசகில்லாமல் இருக்கிறது, சில மெயில்களில் பெறுபவரின் பெயரும் பான் எண்ணும்கூடச் சரியாக இருக்கின்றன. பான் கார்டின் நகலை நாம் எத்தனை இடங்களில் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆகவே மெயிலின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உண்மையான ரீஃபண்ட் எந்த வழியில் நடந்து வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்தவருக்குப் போலி மெயில் எந்த வரியில் பொய் சொல்கிறது என்பது படிக்கும்போதே பிடிபட்டுவிடும்.

பணம் வரும் வழி

ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதே ரீஃபண்ட் எந்த வங்கிக் கணக்கில் வரவேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். அந்த வங்கிக் கணக்கு துறையின் இணையதளமான போர்ட்டலில் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி, நெட்பேங்கிங் போன்ற ஏதாவது ஒரு வழியில் இ-வெரிஃபை செய்ய வேண்டும், அதாவது ரிட்டர்ன் போட்டது நீங்கள்தான் என்று இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். உங்கள் பங்கு அதோடு முடிந்தது. அதன்பின் பெங்களூரிலுள்ள மையச் செயலாக்க மையம், அதாவது சிபிசி, உங்கள் ரிட்டர்னைப் பரிசீலித்து 143(1) பிரிவின்கீழ் ஒரு அறிவிப்பை அனுப்பும். ரீஃபண்ட் உண்டு என்றால் பணம் ஸ்டேட் பாங்க் வழியாக நீங்கள் ஏற்கெனவே குறித்த கணக்கில் விழும். பெரும்பாலும் இ-வெரிஃபை செய்து நாலைந்து வாரங்களில் இது நடந்துவிடும்.

இந்த வழியில் எந்த இடத்திலாவது உங்கள் டெபிட் கார்டு எண் தேவைப்பட்டதா? சிவிவி? ஏடிஎம் பின்? யுபிஐ பின்? எங்குமே இல்லை. கணக்கு எண் துறையிடம் இருக்கிறது. பணத்தைப் போடுவதற்குக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் போதும். கார்டு விவரமும் பின்னும் பணத்தை எடுப்பதற்கு மட்டும்தான் பயன்படும். ‘ரீஃபண்டைப் பெற’ என்று சொல்லிக் கார்டு விவரம் கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் அது போலி. இதில் விதிவிலக்கே கிடையாது.

இதே வழியை வைத்து இன்னும் சில பொய்களையும் பிடிக்கலாம். ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவருக்கு ரீஃபண்ட் வராது. வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவர்கூட, பிடித்தம் போன டிடிஎஸ்ஸைத் திரும்பப் பெற ரிட்டர்ன் போட்டாக வேண்டும். போடாமலே ‘உங்களுக்கு ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது’ என்று மெயில் வந்தால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.

போட்டவர் என்றால் தொகையைப் பாருங்கள். தாக்கல் செய்தபின் கிடைக்கும் ஒப்புகைச் சீட்டில் உங்களுக்கு வரவேண்டிய ரீஃபண்ட் எவ்வளவு என்று அச்சாகியிருக்கும். அந்த எண்ணை எங்காவது குறித்து வையுங்கள். உண்மையான ரீஃபண்ட் அந்த எண்ணாகவோ, வட்டி சேர்ந்து அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ, ஏதாவது கழிவு ஏற்கப்படாமல் குறைவாகவோ இருக்கும். 2023இல் பரவிய ஒரு செய்தி எல்லாருக்கும் ஒரே தொகையைச் சொன்னது: 15,490 ரூபாய். அது போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்தது. ஆயிரங்களில் முடியாமல் இப்படிச் சில்லறையோடு சொன்னால் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டதுபோல் தோன்றும். அதற்காகத்தான் அப்படி ஒரு தொகை.

‘24 மணி நேரத்துக்குள் கிளெய்ம் செய்யாவிட்டால் ரத்தாகும்’ என்பது அடுத்த வாடிக்கையான வரி. சட்டம் சொல்வது இதற்கு நேரெதிர். துறை தாமதித்தால் 244ஏ பிரிவின்படி மாதத்துக்கு 0.5 சதவீதம் வட்டியை அதுதான் உங்களுக்குத் தர வேண்டும். ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும் இந்த வட்டி இல்லை. அதேபோல் ரீஃபண்டை விடுவிக்கச் செயலாக்கக் கட்டணம், ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம் என்று எதுவும் கிடையாது. சின்னத் தொகைதானே, கட்டிவிட்டால் பெரிய தொகை வருமே என்று தோன்றும். அந்தச் சின்னத் தொகையை அவர்கள் கேட்பது கார்டு விவரத்தை வாங்கத்தான்.

உண்மையான மெயிலும் செயல்படச் சொல்லும்

‘துறை உங்களிடம் எதையும் மெயிலில் கேட்காது, வந்தால் அழித்துவிடுங்கள்’ என்று பலர் எழுதுகிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான் என்றாலும் அது ஆபத்தான அறிவுரை. துறையிலிருந்து நீங்கள் கவனிக்க வேண்டிய மெயில்கள் உண்மையாகவே வருகின்றன. அவற்றைப் போலி என்று அழித்தால் பணமும் காலக்கெடுவும் சேர்ந்து போகும்.

143(1) அறிவிப்பு பிடிஎஃப் இணைப்போடுதான் வரும். அதற்குக் கடவுச்சொல் உண்டு: பான் எண்ணின் ஆங்கில எழுத்துகளைச் சிறிய வடிவில் தட்டி, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எட்டு இலக்கமாகச் சேர்க்க வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்கள் வரை இந்த அறிவிப்பை அனுப்பத் துறைக்கு அவகாசம் இருக்கிறது. ஆகவே அது பிந்தி வந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ரிட்டர்னில் குறை இருந்தால் 139(9) பிரிவின்கீழ் நோட்டீஸ் வரும். பொதுவாக 15 நாட்களில் அதைச் சரிசெய்ய வேண்டும், தவறினால் ரிட்டர்னே செல்லாததாகலாம். பழைய ஆண்டின் வரிப் பாக்கியை இந்த ரீஃபண்டில் கழித்துக்கொள்ளப் போகிறோம் என்றால் அதைச் சொல்ல 245 பிரிவின்கீழ் ஒரு கடிதம் வரும். அந்தப் பாக்கியே தவறு என்றால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

போலி மெயிலோடு அதிகம் குழம்புவது ‘ரீஃபண்ட் தோல்வி’ அறிவிப்புதான். கணக்கு மூடப்பட்டிருக்கலாம். பானில் ஒரு பெயரும் வங்கியில் இன்னொரு பெயரும் இருக்கலாம், தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் விரிவு காரணமாக இது அடிக்கடி நிகழ்கிறது. வங்கிகள் இணைந்து ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியிருக்கலாம், 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தபின் அங்கெல்லாம் இப்படித்தான் மாறியது. ஆதாரோடு இணைக்காமல் பான் செயலிழந்திருக்கலாம், அப்படி இருக்கும்வரை ரீஃபண்ட் விடுவிக்கப்படாது. இவை எல்லாமே நிஜமான காரணங்கள். ‘உங்கள் வங்கிக் கணக்கைப் புதுப்பிக்கவும்’ என்ற அதே வாசகத்தைப் போலி மெயிலும் எடுத்துக்கொள்கிறது.

ஆகவே மெயில் உண்மையா போலியா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை நீங்கள் செய்யவே வேண்டாம். மெயிலை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். பிரவுசரில் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் (incometax.gov.in) என்ற முகவரியை நீங்களே தட்டித் திறங்கள். கூகுளில் தேடித் திறப்பதைத் தவிருங்கள், தேடல் முடிவுகளின் தலையில் வரும் விளம்பரங்களில் போலித் தளங்களும் இடம்பிடிக்கக்கூடும். ஒரு முறை சரியாகத் தட்டி புக்மார்க் செய்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் ஆயிற்று.

உள்ளே போனபின் பார்க்க வேண்டிய இடங்கள் சிலதான். ரீஃபண்டின் நிலையை ‘இ-ஃபைல்’ மெனுவில் ‘இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ்’, அதற்குள் ‘வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்’ என்ற பகுதி காட்டும். இன்னும் பரிசீலனையில் இருக்கிறதா, ரீஃபண்ட் போய்விட்டதா, திரும்பி வந்துவிட்டதா என்று தேதியோடு அங்கே இருக்கும். உங்களிடமிருந்து பதில் வேண்டியிருந்தால் ‘பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் நிற்கும். ரீஃபண்ட் உண்மையாகவே தோற்றிருந்தால் ‘மை பாங்க் அக்கவுண்ட்’ பகுதியில் கணக்கைத் திருத்திச் சரிபார்த்துவிட்டு, ‘சர்வீசஸ்’ மெனுவில் ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கோரிக்கை கொடுக்க வேண்டும். மெயில் சொன்ன சங்கதி இந்த இடங்கள் எதிலும் இல்லை என்றால் அந்த மெயிலுக்கு எந்த மதிப்பும் இல்லை.

நோட்டீஸ் என்று ஒரு கடிதம் வந்தால் அதில் டின் எனப்படும் ஆவண அடையாள எண்ணைப் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்கள் இந்த எண்ணோடு வர வேண்டும் என்பது விதி. போர்ட்டலின் முகப்பிலேயே, லாகின் செய்யாமல், நோட்டீஸை உறுதிப்படுத்தும் வசதி இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் அந்தக் கடிதம் துறையுடையதுதானா என்று சொல்லிவிடும். கடிதத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டையோ லிங்கையோ வைத்துச் சரிபார்க்காதீர்கள். போலிக் கடிதத்திலிருக்கும் குறியீடு போலித் தளத்துக்குத்தான் அழைத்துப் போகும், அங்கே ‘சரி’ என்றுதான் வரும்.

முகவரியை வலமிருந்து படியுங்கள்

மெயிலை ஆராய வேண்டாம் என்று சொன்னாலும், சிலருக்கு அலுவலக வேலையாகவே அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் மெயிலைப் பார்த்துச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக இந்தப் பகுதி.

இணைய முகவரியின் உரிமையாளர் யார் என்பது வலது பக்கத்தில் இருக்கிறது. தொடக்கத்து எச்டிடிபிஎஸ்ஸுக்குப் பின் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் எந்தப் பெயரில் முகவரி முடிகிறதோ அதுதான் தளத்தின் சொந்தக்காரர். கவ் டாட் இன் என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் கோ டாட் இன், ஆர்க் டாட் இன், காம், ஆன்லைன் என்று முடியும் பெயர்களைப் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் அதற்கு இடது பக்கம் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ‘இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்’ என்பதை அப்படியே இடப்பக்கம் எழுதி, அதன் வாலில் வேறொரு பெயரையும் டாட் காமையும் ஒட்டியிருப்பார்கள். போனின் குறுகிய திரையில் இடது பாதி மட்டும் தெரியும், வால் மறைந்துவிடும். புள்ளிக்குப் பதில் கோடு போட்டு ‘கவ்-இன்’ என்று எழுதுவது இன்னொரு வித்தை. ஆங்கில எம் எழுத்தின் இடத்தில் ஆர், என் இரண்டையும் நெருக்கி எழுதினால் கண் அதை எம் என்றே படிக்கும்.

பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள். உங்கள் பிரவுசருக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். அந்தத் தளத்தை நடத்துபவர் திருடரா என்று அது சொல்லாது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

அனுப்பியவர் பெயர் என்று மேலே பெரிதாகத் தெரிவதை அனுப்புபவரே எழுதிக்கொள்ளலாம். போனில் அந்தப் பெயரைத் தட்டினால்தான் உண்மையான மெயில் முகவரி விரியும். கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்று இருக்கும். அதில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். மூன்றிலும் ‘பாஸ்’ என்று வந்ததும் மெயில் உண்மையானது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ‘இந்த மெயில், தான் சொல்லும் டொமைனிலிருந்துதான், அதாவது முகவரியில் அட் குறிக்குப் பின் இருக்கும் பெயரிலிருந்துதான், வந்தது’ என்பதை மட்டுமே அந்தப் பாஸ் உறுதி செய்கிறது. மோசடிக்காரர் தன் சொந்தப் போலி டொமைனிலிருந்து முறையாக அனுப்பினாலும் மூன்றிலும் பாஸ்தான். எந்த டொமைனுக்குப் பாஸ் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கவ் டாட் இன் முகவரி என்று சொல்லிக்கொண்டு ஃபெயில் ஆனால் அதை நம்ப வேண்டாம்.

லிங்கின் மேல் எழுதியிருப்பதும் அது போகும் இடமும் வேறாக இருக்கலாம். கணினியில் மவுஸை அதன்மேல் வைத்தால் திரையின் கீழ் ஓரத்தில் உண்மை முகவரி தெரியும். போனில் அழுத்திப் பிடிக்க வேண்டும், தட்டிவிடக் கூடாது. நடுங்கும் விரல்களுக்கு இது சிரமம் என்பதால் பெரியவர்களுக்கு இந்தச் சோதனையை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்களுக்கு ‘மெயிலில் எதையும் தொடாதீர்கள், போர்ட்டலை நான் பார்த்துச் சொல்கிறேன்’ என்பது போதும்.

இணைப்புகளில் எச்டிஎம்எல் கோப்பு மிகவும் ஏமாற்றக்கூடியது. திறந்தால் துறையின் லாகின் பக்கம் போலவே விரியும். அது உங்கள் கணினியிலேயே இருக்கும் கோப்பு என்பதால் பிரவுசர் எச்சரிக்காமலும் போகலாம், முகவரிப் பட்டியில் சந்தேகப்படத் தளத்தின் பெயர் எதுவும் இருக்காது. தட்டிய கடவுச்சொல் நேராக மோசடிக்காரருக்குப் போகும். ஜிப் கோப்புக்குள் ஒளித்து வரும் நிரல்கள் இன்னொரு வகை. துறை உங்களுக்கு எச்டிஎம்எல் படிவமோ, ஜிப்புக்குள் நிரலோ, ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்போ மெயிலில் அனுப்பாது.

ஏபிகே கேட்டால்

மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வரும் லிங்க் ஒரு செயலியை நிறுவச் சொன்னால் அது எல்லாவற்றையும்விட மோசமான வகை. ட்ரினிக் என்ற ஆண்ட்ராய்டு நச்சு நிரலைப் பற்றி 2021 செப்டம்பரில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தது. ரீஃபண்ட் என்று சொல்லித்தான் அது போனுக்குள் நுழைந்தது. துறையின் தளம் போன்ற ஒரு பக்கம் திறக்கும், சரிபார்ப்புக்கு என்று ஏபிகே ஒன்றை இறக்கச் சொல்லும். நிறுவியதும் எஸ்எம்எஸ், அழைப்புப் பதிவு, தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். பிறகு பெயர், பான், ஆதார், பிறந்த தேதி, கணக்கு எண், கார்டு எண், சிவிவி, பின் என்று ஒவ்வொன்றாக வாங்கும். கடைசியில் ரீஃபண்ட் தொகையைக் காட்டி ‘டிரான்ஸ்ஃபர்’ அழுத்தச் சொல்லும். அழுத்தினால் ஒரு பிழைச் செய்தி, அதன்பின் அப்டேட் நடப்பதுபோல் ஒரு திரை. அந்தத் திரை ஓடும்போது பின்னால் உங்கள் எஸ்எம்எஸ்களும் விவரங்களும் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

2022இல் வந்த வடிவம் இன்னும் நுட்பமானது. அது போலித் தளத்தைக் காட்டவில்லை, துறையின் உண்மையான தளத்தையே தன் செயலிக்குள் திறந்தது. நீங்கள் தட்டுவதைத் திரைப்பதிவு செய்தது, லாகின் ஆனதும் 57,100 ரூபாய் உடனடி ரீஃபண்ட் என்று ஒரு பெட்டியைக் காட்டியது. தளம் உண்மையாக இருந்தாலும், அதைத் திறந்து காட்டும் செயலி யாருடையது என்பதும் முக்கியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். லிங்க் வழியாக வரும் எந்தச் செயலியும் வேண்டாம். ‘அக்ஸெசிபிலிட்டி’ அனுமதி கேட்கும் செயலிக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம். அந்த அனுமதி கிடைத்தால் திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்கள் சார்பில் பொத்தானை அழுத்தவும் அதனால் முடியும்.

இன்னொன்றும் வரக்கூடும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்கள் மாறுகின்றன. 143(1) போன்ற பழகிய எண்கள் பழைய 1961 சட்டத்துக்கு உரியவை. ‘புதிய சட்டப்படி உங்கள் பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் மறுபதிவு செய்யுங்கள்’ என்று எழுத இது வசதியான சாக்கு. எண் எதுவாக இருந்தாலும் போர்ட்டலில் போய்ப் பார்க்கும் வழி மாறாது.

கொடுத்துவிட்டால்

லிங்கைத் தட்டிவிட்டீர்கள், எதையும் நிரப்பவில்லை, எதையும் நிறுவவில்லை என்றால் பெரும்பாலும் பாதிப்பில்லை. பக்கத்தை மூடுங்கள், ஏதாவது இறங்கியிருந்தால் திறக்காமல் அழியுங்கள்.

கார்டு விவரமோ ஓடிபியோ கொடுத்திருந்தால் நிமிடங்கள்தான் கணக்கு. கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணில் வங்கியை அழைத்துக் கார்டையும் நெட்பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் மொபைல் எண், வங்கி, கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கேட்பார்கள், எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு பேசினால் வேகமாக முடியும். அந்த அழைப்பிலிருந்து தகவல் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குப் போய், பணம் இன்னும் எந்தக் கணக்கிலாவது நின்றிருந்தால் அங்கே முடக்கப்படும். எடுக்கப்பட்டுவிட்டால் முடக்க எதுவும் இருக்காது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

வெட்கப்பட்டு ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் பலர். அந்த ஒரு நாளுக்கு விலை உண்டு. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே பகிர்ந்து ஏற்பட்ட இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரேதான் தாங்க வேண்டும். தெரிவித்தபின் நடக்கும் இழப்பு வங்கியுடையது. கோடு உங்கள் போன் அழைப்பில்தான் விழுகிறது.

ஏபிகே நிறுவியிருந்தால் வரிசை மாறும். முதலில் போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிம்மைக் கழற்றிவிட்டால் வரும் ஓடிபிக்களை அந்தச் செயலியால் படிக்க முடியாது. வங்கிக்கும் 1930க்கும் வேறு போனிலிருந்து பேசுங்கள், கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட போனில் மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் கூடவே போகும். செயலியை நீக்க முயன்றால் திரை தானாக மூடிக்கொள்ளலாம். செட்டிங்ஸில் அக்ஸெசிபிலிட்டி அனுமதியையும் டிவைஸ் அட்மின் அனுமதியையும் எடுத்துவிட்டு நீக்குங்கள், முடியாவிட்டால் சேஃப் மோடில் முயலுங்கள். அதன்பிறகும் ஃபேக்டரி ரீசெட் செய்வதே நிம்மதி.

வரிப் போர்ட்டலின் கடவுச்சொல் போயிருந்தால் அதை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். உள்ளே வங்கிக் கணக்குப் பட்டியலில் உங்களுடையதல்லாத கணக்கு சேர்ந்திருக்கிறதா, தொடர்பு எண்ணும் மெயிலும் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மெயில் கடவுச்சொல் போயிருந்தால் மற்றக் கருவிகளில் இருக்கும் லாகின்களை வெளியேற்றி, தானாக ஃபார்வர்டு ஆகும் விதி ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று செட்டிங்ஸில் தேடுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். கடவுச்சொல்லை மாற்றியபின்னும் மெயில்கள் வெளியே போய்க்கொண்டே இருக்கும். பான், ஆதார் இரண்டும் போயிருந்தால் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள், உங்கள் பெயரில் கடன் ஏதாவது முளைக்கிறதா என்று கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று பிறகு யாராவது அழைத்தால் அது இரண்டாவது மோசடி. ஏமாந்தவர்களின் பட்டியலே கைமாறுகிறது.

போர்ட்டலில் பலர் தொடாத அமைப்புகள்

லாகின் பக்கத்தில் பான் எண்ணைக் கொடுத்ததும் ‘செக்யூர் அக்ஸஸ் மெசேஜ்’ என்று ஒரு வரி தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் படிக்காமலே கட்டத்தில் டிக் போடுகிறார்கள். அந்த வரியை உங்கள் சுயவிவரப் பகுதியில் நீங்களே எழுதிக்கொள்ளலாம். உங்களுக்கு மட்டும் பொருள்படும் நாலு சொற்களை அங்கே வையுங்கள். சாதாரணப் போலித் தளத்துக்கு அது தெரியாது. உங்கள் வரி வராத பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டாமல் வெளியே வந்துவிடலாம்.

‘இ-ஃபைலிங் வால்ட் ஹையர் செக்யூரிட்டி’ என்பது இன்னொன்று. அதை இயக்கினால் கடவுச்சொல் மட்டும் போதாது, ஆதார் ஓடிபி, நெட்பேங்கிங், டிஜிட்டல் கையொப்பம் போன்றவற்றில் நீங்கள் தேர்ந்தெடுத்த வழியும் வேண்டும். கடவுச்சொல் திருடு போனாலும் கணக்குத் திறக்காது.

மூன்றாவதாக, போர்ட்டலில் யாருடைய மெயிலும் மொபைலும் பதிவாகியிருக்கின்றன என்று இன்றே பாருங்கள். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் தன் எண்ணையே கொடுத்திருப்பது மிகச் சாதாரணம். அப்படி இருந்தால் துறையின் உண்மையான மெயில்கள் எல்லாம் அவருக்குப் போகும், உங்கள் பெட்டிக்குப் போலிகள் மட்டும் வரும். அசலைப் பார்த்தே இராதவரால் நகலைச் சந்தேகிக்க முடியாது. டெபாசிட் வட்டிக்காக ரிட்டர்ன் போடும் அப்பா அம்மாவின் கணக்கில் இதை உறுதியாகச் சரிபார்த்துக் கொடுங்கள்.

வந்த போலி மெயிலை அழிப்பதற்கு முன் துறைக்கு அனுப்பலாம். வெப்மேனேஜர் அட் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்ற முகவரி இதற்காக இருக்கிறது, நகலை இன்சிடென்ட் அட் செர்ட்-இன் டாட் ஆர்க் டாட் இன் முகவரிக்குப் போடலாம். சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் மெயில் வந்த தடம் அழிந்துவிடும். ஜிமெயிலின் மூன்று புள்ளி மெனுவில் ‘ஃபார்வர்டு ஆஸ் அட்டாச்மென்ட்’ என்று கொடுத்தால் தலைப்புத் தகவல்கள் முழுமையாகப் போகும், போலித் தளத்தை முடக்க அவர்களுக்கு அதுதான் வேண்டும். போர்ட்டலைப் பார்த்தும் குழப்பம் தீரவில்லை என்றால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். மெயிலில் கொடுத்திருக்கும் உதவி எண்ணை மட்டும் அழைக்க வேண்டாம்.